லேசரைத் தோற்கடிக்கும் கண்ணாடி

குந்தாரப்பள்ளிக்கு அருகே, உலோகத் தகடுகளை லேசரால் வெட்டும் சிறு பட்டறை ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். இயந்திரம் சும்மா நின்றது. வெட்டும் முனைக்கு மேலுள்ள பாதுகாப்புக் கண்ணாடியில் ஒரு தூசி படிந்து, கருகி, கண்ணாடியே விரிசல் விட்டிருந்தது. மாற்றுக் கண்ணாடி சீனாவிலிருந்து வர வேண்டும் என்றார் உரிமையாளர்.

அந்த லேசரின் திறன் சில கிலோவாட்தான். மெகாவாட் அளவிலான வேதியியல் லேசர்களுக்கு ஒளியியல் அமைப்பை வடிவமைத்தவர்கள் எதனோடு போராடினார்கள் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

வேதியியல் லேசரில், வேதிவினையில் பிறக்கும் ஆற்றலே ஒளியாகிறது. 1977இல் அமெரிக்க விமானப் படை ஆய்வகத்தில் உருவான ஆக்ஸிஜன்-அயோடின் லேசரில், குளோரின் வாயு காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து கிளர்வுற்ற ஆக்ஸிஜனைத் தருகிறது. அதன் ஆற்றலைப் பெறும் அயோடின் அணுக்கள் 1.315 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உமிழ்கின்றன. டெல்லியில் உள்ள டிஆர்டிஓவின் லாஸ்டெக் ஆய்வகமும் இவ்வகை லேசரில் பணியாற்றியிருக்கிறது.

ஒளியை உண்டாக்குவதைவிட, அதைப் பழுதின்றி வெளியே அனுப்புவதே கடினம். விழும் ஒளியில் 99.9 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் உயர்தர ஆடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மெகாவாட் ஒளியில் எஞ்சும் 0.1 சதவீதம் என்பது 1,000 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் வெப்பம். அந்த வெப்பத்தில் ஆடியின் நடுப்பகுதி புடைக்கும். அலைநீளத்தின் கால் பங்கு, அதாவது தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் புடைத்தாலே போதும். தொலைவில் ஒளி கூராகக் குவியாது. எனவேதான் தாமிரத்திலோ சிலிக்கானிலோ ஆடி செய்து, அதற்குள் நுண்ணிய கால்வாய்கள் குடைந்து குளிர்நீரை ஓடவிடுகிறார்கள். ஓடும் நீரோ ஆடியை அதிரவைக்கும்! ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்கும் வேலை இது.

ஒளி வெளியேறும் சன்னலிலும் இதே தொல்லைதான். டியூட்டீரியம் ஃபுளோரைடு லேசரின் 3.8 மைக்ரோமீட்டர் ஒளியை வழக்கமான சிலிக்கா உட்கவர்ந்துகொள்ளும். கால்சியம் ஃபுளோரைடு போன்ற படிகம் தேவை. சில அமைப்புகளில் திடப்பொருளையே விட்டுவிட்டு, வேகமாகப் பாயும் வாயுத் திரையையே சன்னலாக்கினார்கள்.

போயிங் 747 விமானத்தின் மூக்கில் 1.5 மீட்டர் ஆடியைப் பொருத்திய அமெரிக்கா, 2010 பிப்ரவரியில் பறக்கும் ஏவுகணை ஒன்றை ஆக்ஸிஜன்-அயோடின் லேசரால் அழித்துக் காட்டியது. மறு ஆண்டே அத்திட்டத்தைக் கைவிட்டது. 2025 ஏப்ரலில் கர்நூலில் டிஆர்டிஓ சோதித்த 30 கிலோவாட் ஆயுதம் வேதியியல் லேசர் அன்று. ஆனால், ஆடியின் வெப்பக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

நம் செய்திகள் கிலோவாட்டை எண்ணுகின்றன. ஆடியை யார் தேய்த்தார்கள், பூச்சை யார் பூசினார்கள் என்று கேட்பதில்லை. இத்தனைக்கும், 1986இல் காவலூரில் நிறுவப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.3 மீட்டர் ஆடி பெங்களூருவில்தான் தேய்த்து மெருகேற்றப்பட்டது. ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியின் துல்லியப் பொறியியல் கூடங்களுக்கு அந்தக் கைத்திறன் அடுத்த ஊர்ச் சொத்து. அவர்கள் தொடங்க வேண்டியது மெகாவாட் ஆடியில் அல்ல. அந்தப் பட்டறை காத்துக்கிடந்த உள்ளங்கை அளவுக் கண்ணாடியில்.