உஷார்! டெல்லி இன்னோவா, ‘இம்போர்ட்டட்’ வெல்ஃபயர்... அட்வான்ஸ் போடாதீங்க!

“அண்ணே, டெல்லி வண்டி. 2015 இன்னோவா, சிங்கிள் ஓனர், டாக்டர் வச்சிருந்தது. நம்மூர்ல எட்டு சொல்லுவான், இது அஞ்சேகால். நாளைக்கு முசிறிலேருந்து வேற பார்ட்டி வருது, இன்னிக்கே ஒரு இருபது போட்டு விட்ருங்க.”

இப்படி ஒரு குரல் போனில் வந்து, கூடவே பளபள போட்டோவும் வந்து, நீங்கள் ஜிபேயைத் திறந்துவிட்டீர்களா? விரலை எடுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

தொட்டியம் பக்கம் ஏழு சீட்டு வண்டிக்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. இரண்டாவது குழந்தை பிறந்ததும் ஸ்விஃப்ட் சிறுத்துப் போகும். பாட்டியையும் ஏற்றிக்கொண்டு சமயபுரம், பழனி என்று போக வேண்டும், பங்குனித் தேருக்கு நம்மூர் மதுரை காளியம்மன் கோயிலுக்கு வரும் நாத்தனார் குடும்பத்தைக் கொண்டுபோய் விட வேண்டும். வாழைத்தார் வெட்டிக் காசு கைக்கு வந்த நேரம் எது என்பது உங்களுக்குத் தெரிகிற அளவுக்குப் புரோக்கருக்கும் தெரியும். போன் அந்த வாரம்தான் வரும்.

சரி, அஞ்சேகால் ஏன்? டெல்லியிலும் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்திலும் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியும், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நடுவில் 2025-ல் அந்தத் தடை இறுகியும் தளர்ந்தும் மாறியது, அது வேறு கதை. அங்கே வயதாகிவிட்ட டீசல் இன்னோவா விலை இறங்கித் தெற்கே வருகிறது. இதில் திருட்டு எதுவும் இல்லை, முறையாக வாங்கி நிம்மதியாக ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆபத்து பேப்பரில்தான்.

அந்த வண்டிக்கு டெல்லி ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி. வேண்டும், அதாவது படிவம் 28. “அது பின்னாடி வந்துரும்ணே” என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளிமாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. நம் பக்கத்துக்கு டி.என். 48, ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ. அப்போது தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். வண்டியின் வயதைப் பொறுத்து அது குறையும், ஆனால் போகாது. டெல்லியில் ஏற்கெனவே கட்டிய வரியில் மிச்சம் வேண்டுமென்றால் டெல்லியில்தான் கேட்க வேண்டும். வரி, ஏஜென்ட் கூலி, டயர், பேட்டரி எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த அஞ்சேகால் அஞ்சேகாலாகவே நிற்காது. ஓனர் டெல்லியில், நீங்கள் தொட்டியத்தில், நடுவில் மூன்று கை மாறிய, பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30 படிவங்கள். பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி. அந்த ஓனர் போனுக்குப் போகும். அவர் போனை எடுக்காவிட்டால் வண்டி உங்கள் வாசலில் நிற்கும், உங்கள் பெயரில் இருக்காது.

அடுத்தது இன்னும் பெரிய குழி. ‘இம்போர்ட்டட் வெல்ஃபயர், அல்ஃபார்ட், கஸ்டம்ஸ் கிளியர், பாதி விலை’ என்பது. டொயோட்டா 2020 பிப்ரவரியில் வெல்ஃபயரை ஜப்பானிலிருந்து முழு வண்டியாக இறக்கி இங்கே விற்றபோதே ஷோரூம் விலை 79.5 லட்சம். அதை யாராவது இருபதுக்குத் தருகிறேன் என்றால் ஏன் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் மாமா, “இங்க பத்து வருஷ சி.ஓ.இ. பர்மிட் முடிஞ்ச வண்டியெல்லாம் சும்மா போகுது மாப்ளே, ஒண்ணு அனுப்பி விடுறேன்” என்று பாசத்தில் சொல்லியிருக்கலாம். அனுப்ப முடியாது. பழைய கார் இந்தியாவுக்கு வர வேண்டுமென்றால் தயாரித்து மூன்று வருஷத்துக்குள் இருக்க வேண்டும், வலதுபக்க ஸ்டீயரிங் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறங்க வேண்டும். அதற்குமேல் வரி மட்டுமே வண்டி விலையைத் தாண்டிவிடும். துபாய்க்காரர் ‘கார்னே’ என்ற தற்காலிக அனுமதியில் கொண்டுவந்த வண்டி கெடு முடிந்ததும் திரும்பிப் போயாக வேண்டியது, விற்கவே கூடாது.

இதெல்லாம் பணக்காரர் கவலை என்று தள்ளிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 23-ம் தேதி கேரளாவில் சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் இறங்கியது. பூடானில் கழித்துவிட்ட சொகுசு வண்டிகள் எல்லை தாண்டி வந்து, ராணுவம், தூதரகம் பெயரில் போலி ஆவணம் ஏறி, வடக்கு மாநிலங்களில் பதிவாகி, கைமாறிக் கைமாறிக் கேரளா வந்து சேர்ந்திருந்தன. பிரபல நடிகர்கள் வீட்டுக்கும் சோதனை போனது. முதல் நாளிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் பிடிபட்டன. விசாரணை அமைப்புகள் சொன்னதில் கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட ஒரு கும்பலும் வருகிறது. கோயம்புத்தூர் நமக்கு எவ்வளவு தூரம்? பிடிபட்ட வண்டி ஆர்.சி.யில் ஒழுங்காகத்தான் தெரிந்தது. வாங்கியவர் பணம் கொடுத்துத்தான் வாங்கினார். வண்டி போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரலிலிருந்து 15 வருஷம் ஆன சாதாரண காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000. இருபது வருஷம் தாண்டினால் 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 10,000 எங்கே, 80,000 எங்கே. ஒரு ஹெட்லைட் உடைந்தால் தொட்டியத்தில் யாரிடம் போவீர்கள் என்பதை நான் கேட்கவே இல்லை.

ஆகவே நம்மூர் நம்பர், நம்மூர் ஓனர், இன்னோவா, எர்டிகா, மராசோ என்ற அளவில் நில்லுங்கள். டவேராவை நான் சொல்ல மாட்டேன், கம்பெனியே 2017-ல் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டுப் போய்விட்டது. எர்டிகா 2019-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரம், மராசோ 2018-ல் நான்கு. சுமோ மாதிரி பின்னால் எதிரெதிர் பெஞ்ச் சீட் போட்ட வண்டியில் பெல்ட்டே இல்லாமல் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

நம்மூர் வண்டியானாலும் தண்ணீர் குடித்த வண்டியா என்று பாருங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம். இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதி ஏலத்தில் தள்ளிய வண்டிகள் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, சென்ட் தெளித்து மறுபடி சந்தைக்கு வரும். எல்லாவற்றையும் கழுவுகிறவன் சீட் பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவுவதில்லை. மூன்றாவது வரிசை பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் செம்மண் கோடு தெரிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். மிதியடியைத் தூக்கி சீட் தண்டவாளத்தின் போல்ட்டைப் பாருங்கள், துரு நிற்கும். இன்னோவாவின் ஸ்டெப்னி அடியில் தொங்கும், இறக்கச் சொல்லிப் பின்பக்கம் கைவிட்டுத் தடவுங்கள். ஃபியூஸ் பாக்ஸில் பித்தளை முனை பச்சை பூத்திருந்தாலும் அதே கதைதான்.

டி போர்டில் ஓடிய வண்டியை ஓன் போர்டாக மாற்றி, மீட்டரை இறக்கி விற்பதும் சகஜம். மீட்டரில் 80,000, கிளட்ச் பெடல் ரப்பரோ மொழுமொழுவென்று வழுக்குகிறது என்றால் கணக்கு இடிக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள், கிலோமீட்டர் தேதி வாரியாக வரும். ஓனரையே கூட்டிப் போய்க் கேட்பது நல்லது. சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள், பக்கத்தில் கிரைண்டர் பட்ட தழும்பு இருக்கக் கூடாது. எம்பரிவாகனில் கடன் நிலுவை, சலான், பிளாக்லிஸ்ட் தெரியும். திருட்டு வண்டியா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ தளத்தில் பார்க்கலாம். நாமக்கல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊரே லாரி பாடி கட்டும் ஊர், டிங்கரிங் பார்த்த வண்டியைக் கண்ணாலேயே சொல்லும் ஆள் அங்கே கிடைப்பார். ஐந்நூறு, ஆயிரம் கொடுத்துக் கூட்டி வாருங்கள்.

பைனான்ஸ் வண்டியானால் பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யும், படிவம் 35-ம் கையில் வந்த பிறகே முழுப் பணம். கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் போட வேண்டும். விற்கிறவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும், ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி தானாகவே உங்கள் பக்கம் வந்துவிடும், சொந்த வண்டி சேதத்துக்கான பாலிசி அப்படி வராது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் அவரோடு போய்விடும், அதைக் காட்டி “பிரீமியம் கம்மிதாண்ணே” என்றால் அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.