கண் எரிவுக்கு நீலக் கண்ணாடி மருந்தல்ல

கணினிக்கு முன்னால் நாள் முழுவதும் இருப்பவர்களுக்குப் பின்னேரமானால் கண் எரிகிறது, எழுத்து மங்குகிறது, தலை வலிக்கிறது. பழி திரையின் நீல ஒளிமேல் விழ, அதைத் தடுப்பதாகச் சொல்லும் கண்ணாடிகள் நன்றாக விற்பனையாகின்றன. ஆனால் 17 பரிசோதனைகளை அலசி 2023இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, குறுகிய காலப் பாவனையில் அவை சாதாரணக் கண்ணாடியை விடக் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறது. பகல் வெளிச்சத்தில் உள்ள நீல ஒளியோடு பார்த்தால் திரையிலிருந்து வருவது அற்பம்.

வில்லங்கம் இமையில் இருக்கிறது. ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்குச் சராசரியாக 22 தடவை இமைப்பவர்கள், புத்தகம் வாசிக்கும்போது 10 தடவையும் திரையைப் பார்க்கும்போது 7 தடவையுமே இமைப்பதை யப்பானிய மருத்துவர்கள் 1993இல் பதிவுசெய்தார்கள். புத்தகம் வாசித்தாலும் களைப்பு வராதா என்றால், வரும்; ஆனால் புத்தகத்தைத் தாழ்த்திப் பிடிப்பதால் கண் பாதி மூடியிருக்கும். நேர் எதிரே உள்ள திரை கண்ணை அகலத் திறக்க வைப்பதால் கண்ணீர்ப் படலம் விரைவில் காய்கிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று கிழக்கிலங்கையின் கோமாரியிலும் கல்முனையிலும் வீசும் மாதங்களில், முகத்துக்கு நேரே மின்விசிறியும் சுழன்றால் கேட்கவே வேண்டாம். அதோடு, கிட்டப் பார்வைக்காகச் சுருங்கும் கண் தசையும் மணிக்கணக்கில் தளர வழியின்றி இருக்கிறது.

அப்படியென்றால் கண்ணாடியே வேண்டாமா? நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் பார்வைக் குறை உள்ளவர்களுக்கும் சோதித்துப் போடும் சரியான கண்ணாடி அவசியம். மற்றவர்களுக்குத் தேவை இடைவெளி. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 செக்கன் 20 அடி தூரத்தைப் பார்க்கச் சொல்வார்கள். இந்த எண்கள் ஞாபகத்துக்காகச் சொல்லப்படுபவை. பார்வை தூரம் போவதும் இமை நன்றாக மூடித் திறப்பதுமே முக்கியம். திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி, மின்விசிறியைத் திருப்பிவிடுவதற்குச் செலவில்லை. வேலைக்கு நடுவே கண்ணை எடுக்க நேரமேது என்ற மறுப்பு நியாயமானது. அதனாலேயே இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகம், திரை வேலைக்கு இடைவெளியும் கண் பரிசோதனையும் தருவதை 1990இல் வேலை கொடுப்பவரின் கடமையாக்கியது. இங்கும் கந்தோர் நேரத்துக்குள்ளேயே அந்த ஓய்வை ஒதுக்குவதுதான் முறை.