லெதர் ஜாக்கெட் எத்தனை வருஷம் உழைக்கும்?

நல்ல மாட்டுத்தோல் ஜாக்கெட், தினமும் போட்டாலே 15, 20 வருஷம் தாராளமா உழைக்கும். முதல்ல போறது உள் லைனிங்கும் ஜிப்பும்தான். ரெண்டையும் மாத்திக்கலாம். செம்மறியாட்டுத் தோல் மென்மையா இருக்கும், ஆனா சீக்கிரம் கிழியும்.

விலை கம்மின்னு 'பியூ லெதர்' வாங்கப் போறீங்களா? அது துணிமேல் பூசின பாலியூரித்தேன். காற்றின் ஈரமே அதைச் சிதைத்துவிடும். போடாமல் மாட்டி வைத்திருந்தாலும் சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும். அப்புறம் குப்பைதான். அந்தக் காசைச் சேர்த்துவைங்க என்பேன்.

சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல, நிஜத் தோலை பிளாஸ்டிக் கவரில் மூடி பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணி போர்த்தினால் போதும். மழையில் நனைந்தால் வெயிலில் போடாதீங்க, விறைச்சு வெடிச்சிடும். ஃபேன் காற்றில் மெதுவா காயட்டும். நான் என்னோடதை அடிக்கடி எடுத்து மாட்டிக்கிறேன், வேர்த்துக் கொட்டினாலும்!