விஷ ஜலமும் நுண்ணுயிர்களும்

தொழிற்சாலையின் லாபம் ஒருவர் பெட்டியிலும், அதன் கழிவு ஊராரின் குடிநீரிலும் சேர்வது எந்த தேசத்திலும் நியாயமாகாது. "ஆற்றில் விட்டால் கரைந்துபோம்" என்ற சமாதானத்தை ஜனங்கள் வெகுகாலமாகக் கேட்டு வருகிறார்கள். குளோரின் சேர்ந்த ரஸாயனங்களுள் பல அங்ஙனம் ஒழிவதில்லை. அவை வண்டலிலும் மீனின் கொழுப்பிலும் பல்லாண்டு தங்கி, பிறகு மனிதனையே வந்தடைகின்றன. இவ்விஷத்தை அழிக்க வழியுண்டா? உண்டு என்பதே நமது துணிபு. ஆனால் அவ்வழியை அறியாதார் எளிதில் ஏமாற்றப்படுவர்.

பின்லாந்து தேசத்தின் தென்பாகத்தில் கேர்க்கெலா என்றோர் ஊர் உண்டு. அங்கே மரம் அறுக்கும் ஆலையொன்றில், பலகைகளில் பூசணம் பிடியாதிருக்கும்பொருட்டு குளோரோபினால் என்னும் மருந்து உபயோகிக்கப்பட்டது. அது மண்ணில் இறங்கி நிலத்தடி ஜலத்தில் கலந்தது. 1987-ம் வருஷத்தில் சோதித்தபோது குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 70 முதல் 140 மைக்ரோகிராம் வரை அந்த விஷம் காணப்பட்டது. சில வகைப் புற்றுநோய்கள் அவ்வூரில் எதிர்பார்க்கத் தக்கதைவிட அதிகமாயிருந்தன என்று 1992-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது.

இதற்குப் பரிகாரம் செய்தவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அசுத்த ஜலத்தை மேலே இறைத்து, பிராணவாயு ஊட்டி, சிறு மணிகள் நிரம்பிய கொப்பரையில் கீழிருந்து மேலாகச் செலுத்துகிறார்கள். மணிகளின்மேல் படர்ந்து வாழும் நுண்ணுயிர்கள் குளோரோபினாலையே ஆகாரமாகக் கொண்டு அதைச் சிதைக்கின்றன. 5 முதல் 7 டிகிரி வரையுள்ள குளிர்ந்த ஜலத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் நீங்கியதாக 1994-ல் ஆராய்ச்சியாளர் எழுதினர். 1995 முதல் அம்முறை அவ்வூரிலேயே பெரிய அளவில் கையாளப்பட்டது. வெப்பமில்லாவிடில் நுண்ணுயிர் வேலை செய்யாது என்று சாக்குச் சொல்வோருக்கு இதுவே பதில்.

எல்லா விஷமும் இவ்விதம் வசப்படுவதில்லை. துணி வெளுக்கவும் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கவும் உதவும் டெட்ராகுளோரோஎத்திலீனைப் பிராணவாயுவில் வாழும் உயிர்கள் பெரும்பாலும் தீண்டுவதில்லை. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் சில உயிர்களோ அதைச் சுவாசத்திற்கே பயன்படுத்தி, குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையார், இதாகா நகரத்துச் சாக்கடைச் சேற்றிலிருந்து வளர்த்த அத்தகைய உயிரொன்றை 1997-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அது தன் வேலையை முடிக்குமாயின் மிஞ்சுவது எத்திலீன். காய்களைக் கனியச் செய்யும் வாயு அது. பாதியில் நின்றாலோ மிஞ்சுவது வினைல் குளோரைடு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக நிரூபிக்கப்பட்ட பொருள். அரைகுறைச் சுத்திகரிப்பு, செய்யாததிலும் கேடாக முடியலாம் என்பதை இதனின்றும் அறியலாம்.

ஆதலின், "எங்கள் ஆலையில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது" என்ற சொல்லோடு பொதுஜனங்கள் திருப்தியடைந்துவிடலாகாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். விஷம் உண்மையாகவே சிதைந்ததா, அன்றி காற்றை ஊதும்போது ஆகாயத்திற் பறந்ததா, சேற்றில் ஒட்டிக்கொண்டதா? சிதைந்திருந்தால் கழன்ற குளோரின் குளோரைடு உப்பாக ஜலத்தில் அளவுக்கு ஏற்பக் காணப்பட வேண்டும், அதுவே சாட்சி. இடையிற் பிறக்கும் பொருள்களையும் அளக்கிறார்களா? திடீரென்று மிகுந்த விஷம் வந்து நுண்ணுயிர்களை மடித்துவிடாதபடி கழிவைத் தேக்கிச் சமப்படுத்தத் தொட்டி உண்டா? இக்கணக்குகள் ஆலையின் அலமாரியிற் பூட்டிக் கிடக்கலாகாது; ஊரார் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

இன்னொன்றும் மறக்கத்தக்கதன்று. கேர்க்கெலாவைக் கெடுத்த மருந்து, பின்லாந்திலேயே கூமி ஆற்றங்கரையில் 1940 முதல் 1984 வரை உற்பத்தியாயிற்று. அதனுடன் கலந்து வந்த டையாக்ஸின் இனத்து விஷங்கள் அவ்வாற்றின் அடிவண்டலிற் படிந்துவிட்டன. உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆன பின்னும் அவ்வண்டல் சுத்தமாகவில்லை. ஆலைக்குள் ஒரு தொட்டியில் அடக்கத்தக்க விஷம் ஆற்றில் பரவிவிட்டால் எந்த நுண்ணுயிரும் எளிதில் மீட்டுத் தாராது. பென்டாகுளோரோபினாலை 2015-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்த்ததன் தாத்பரியமும் இதுவே: விஷத்தைப் பிறப்பிக்காமலிருப்பது முதற்கடமை, பிறந்ததை ஆலை வாசலுக்குள்ளேயே அழிப்பது இரண்டாவது கடமை.

சேற்றில் வாழும் அற்ப ஜந்து தன் வேலையைச் செய்யக் காத்திருக்கிறது. அதற்கு இடமும் காலமும் கொடுக்கும்படி ஆலைக்காரரையும் சர்க்காரையும் வற்புறுத்துவது மனிதர் வேலை. அவ்வேலையை நம்மவர் பிறருக்கு விட்டுவைக்க மாட்டார்களென நம்புகிறோம்.