மியாவ் என்றால் என்ன அர்த்தம்?

விடியற்காலை நாலரை மணி. பால் பாக்கெட் போடும் பையன்கூட இன்னும் வரவில்லை. வீட்டில் எல்லோரும் அயர்ந்து தூங்குகிறார்கள். அப்போது ஆரம்பிக்கிறது, படுக்கையறைக் கதவுக்கு வெளியே கச்சேரி! முதலில் சன்னமாக ஒரு "மியாவ்". அப்புறம் கொஞ்சம் அழுத்தமாக இன்னொன்று. ஐந்து நிமிஷத்தில் மேல் ஸ்தாயிக்கே போய்விடுகிறது. "இந்தப் பூனையை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு மறுவேலை பார்!" என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல். வேறு யார்? உங்கள் கணவர்தான். எழுந்துபோய் அதன் தட்டில் ஏதாவது போட்டுவிட்டு வருவது யார்? நீங்கள்தான். அதில் என்ன சந்தேகம்?

பூனை வளர்க்கிற வீட்டில் இது தினசரி நாடகம். அதுவும் அடுக்கு மாடி வீட்டில், வாசற்படி தாண்டாமல் வளர்கிற பூனை என்றால் கேட்கவே வேண்டாம். தெருப் பூனைக்கு மதில் இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது, துரத்துவதற்கு எலி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பூனைக்கு இருப்பதெல்லாம் நாலு சுவரும் நீங்களுந்தான். உங்களிடம் பேசாமல் அது வேறு யாரிடம் பேசும்?

"பேசும்" என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு விசித்திரமான சங்கதி உண்டு. குட்டியாக இருக்கும்போது பூனை தன் தாயைப் பார்த்துக் கத்தும். பசி, குளிர், "அம்மா, எங்கே போனாய்?" எல்லாவற்றுக்கும் அதே அழுகைதான். வளர்ந்த பிறகோ, ஒரு பூனை இன்னொரு பூனையைப் பார்த்து "மியாவ்" என்பது மிகவும் அபூர்வம். சண்டைக்கும் ஜோடி தேடுவதற்கும் அது எழுப்புகிற ஊளை வேறு. மற்றபடி வாலும் காதும் மோப்பமுமே அவற்றுக்குப் போதும். அந்த "மியாவ்" மட்டும் மனிதர்களுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது! தாயிடம் கேட்ட குரலிலேயே ஆயுள் முழுவதும் உங்களிடம் கேட்கிறது.

1944-ம் வருஷத்தில் மில்ட்ரெட் மோல்க் என்ற பெண்மணி, வீட்டுப் பூனைகள் எழுப்பும் ஒலிகளைப் பொறுமையாகக் கேட்டு, பதினாறு வகையாகப் பிரித்து எழுதினார். வாயை மூடிக்கொண்டு முனகுவது ஒரு கூட்டம். வாயைத் திறந்து மெல்ல மூடும்போது வருகிற "மியாவ்" ஒரு கூட்டம். வாயை விறைப்பாகத் திறந்தபடியே சீறுவதும் அலறுவதும் ஒரு கூட்டம்.

"அப்படியானால் பூனை பாஷைக்கு ஓர் அகராதி போட்டு விற்கலாமே!" என்று தோன்றுகிறதல்லவா? முடியாது. அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த நிக்கலஸ் நிகாஸ்ட்ரோவும் மைக்கேல் ஓரனும் 2003-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பூனைகளின் குரலைப் பதிவு செய்து ஜனங்களுக்குப் போட்டுக் காட்டி, "இது எந்தச் சமயத்துக் கத்தல்?" என்று கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு சரியாக இருக்குமோ, அதைவிடக் கொஞ்சந்தான் அதிகம் சரியாக இருந்தது. பூனையோடு பழகினவர்கள் மட்டும் சற்று மேல். ஆகவே, பூனைகளுக்கெல்லாம் பொதுவான அகராதி கடையில் கிடைக்காது. ஒவ்வொரு வீட்டிலும் பூனையும் எஜமானியும் சேர்ந்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

பூனை தன் பங்கை எப்போதோ எழுதிவிட்டது! இங்கிலாந்தில் ஸஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையின் காரென் மெக்கோம்பும் அவருடைய சகாக்களும் 2009-ல் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். சில பூனைகள் தீனி கேட்கும்போது, சுகமாக "குர்ர்... குர்ர்" என்கிற சத்தத்துக்குள்ளேயே மெல்லிய அழுகை ஒன்றைக் கலந்துவிடுகின்றன. அந்த அழுகை கைக்குழந்தையின் அழுகைக்குக் கிட்டத்தட்ட ஒத்திருக்கிறது. பூனையே வளர்க்காதவர்கள்கூட அதைக் கேட்டு, "ஏதோ அவசரம் போலிருக்கிறதே!" என்றார்களாம். பிள்ளை பெற்று வளர்த்த உங்கள் மனம் கரைவதில் என்ன ஆச்சரியம்?

இனி உங்கள் பங்கு. பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பூனைக்கு ஒதுக்குங்கள். ஒரு வாரம், அது கத்தும்போதெல்லாம் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: மணி என்ன, எந்த இடத்தில் நின்று கத்தியது, எதைச் செய்ததும் ஓய்ந்தது. வாரக் கடைசியில் படித்துப் பாருங்கள். சமையலறையில் கத்துவது ஒன்று, மூடிய கதவடியில் கத்துவது வேறொன்று, நீங்கள் போனில் பேசும்போது கத்துவது இன்னொன்று என்று தானே புரியும்.

விடியற்காலைக் கச்சேரிக்குக் காரணம் போக்கிரித்தனம் அல்ல. விடிகிற நேரமும் அந்தி நேரமும் பூனைக்கு வேட்டை வேளை. பகலெல்லாம் ஜன்னலோரம் தூங்கிவிட்டால், அந்த வேகத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? ராத்திரி படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம் அதோடு விளையாடுங்கள். குச்சியின் நுனியில் காகிதப் பந்து கட்டி ஆட்டினால் போதும். விளையாட்டு முடிந்ததும் குச்சியை எடுத்து வைத்துவிடுங்கள். நூலை விழுங்கினால் குடலுக்கு ஆபத்து. பிறகு வயிறார ஆகாரம் கொடுங்கள். வேட்டை, விருந்து, உறக்கம் என்பதுதான் அதன் சுபாவம்.

ஆகாரம் என்றதும் ஒரு வார்த்தை. பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. டாரின் என்ற சத்து அதற்கு மாமிசத்திலிருந்தோ, அதைச் சேர்த்துத் தயாரித்த பூனை ஆகாரத்திலிருந்தோதான் கிடைக்க வேண்டும். தயிர் சாதத்தையே போட்டு வளர்த்தால், நாளடைவில் கண்ணும் இருதயமும் கெட்டுப்போகும். பாலும் பல பூனைகளுக்கு ஜீரணமாகாமல் வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும்.

இன்னொன்று: நாலரை மணிக்குக் கத்தினால் எழுந்து தீனி போடாதீர்கள். ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் பத்தாம் நாள் போட்டீர்களோ, "பத்து நாள் கத்தினால் பலன் உண்டு" என்று அது பாடம் படித்துக்கொள்ளும். அதற்காக அடிக்கவோ, தண்ணீர் தெளிக்கவோ வேண்டாம். பயந்த பூனை இன்னும் அதிகமாகத்தான் கத்தும்.

பெட்டைப் பூனை தரையில் புரண்டு புரண்டு இரவு பகலாக ஓலமிட்டால், அது பருவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்தாறு மாத வயசிலேயே வரலாம். ஜோடி சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் வரும். கருத்தடை ஆபரேஷன் ஒன்றே இதற்கு நிவர்த்தி. பூனைக்கும் நிம்மதி, அண்டை வீட்டாருக்கும் நிம்மதி.

நோட்டுப் பக்கத்தின் பெரிய உபயோகத்தை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். வழக்கமான கத்தல் எது என்று தெரிந்தால்தானே, வழக்கமில்லாத கத்தல் காதில் விழும்?

எங்கள் பக்கத்து வீட்டு மாமி ஒரு கடுவன் பூனை வளர்க்கிறாள். ஒரு நாள் மத்தியானம் அது மணல் தட்டுக்குப் போவதும், முக்கி உட்காருவதும், ஈனமாகக் கத்துவதும், வெளியே வந்து திரும்பவும் போவதுமாக இருந்தது. "மலச்சிக்கலாக இருக்கும், விளக்கெண்ணெய் கொடு" என்றார்கள் வீட்டில். மாமி மணலைக் கிளறிப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. "இது இவனுடைய பசிக் குரலும் இல்லை, கோபக் குரலும் இல்லை" என்று சொல்லி, கூடையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். மூத்திரக் குழாய் அடைபட்டிருந்தது. "நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் கஷ்டம்" என்றாராம் மிருக வைத்தியர். ஆண் பூனைக்கு இந்த அடைப்பு வந்துவிட்டால், கழிவெல்லாம் ரத்தத்தில் ஏறி, ஓரிரண்டு நாளில் உயிரே போய்விடலாம். இந்த ஒரு கத்தலுக்கு மட்டும் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

பத்து வயசைத் தாண்டிய பூனை திடீரென்று நடு ராத்திரியில் ஓலமிட ஆரம்பித்தால், "கிழத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுக்காதீர்கள். நிறையத் தின்றும் இளைத்துப்போகிறதா? தைராய்டு சுரப்பி மிஞ்சி வேலை செய்யலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு, காது மந்தம், மூப்பினால் வருகிற மறதி, இவற்றிலும் இரவில் கத்துவது உண்டு. வலிக்கிறதே என்று நாம் சாப்பிடுகிற பாராஸிடமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

ஜப்பானில் அத்ஸுகோ ஸைடோ என்ற அம்மையாரும் ஒரு சகாவும், இருபது பூனைகளுக்கு அந்நியர் குரலையும் எஜமானர் குரலையும் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். 2013-ல் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. எஜமானர் குரல் எது என்று பூனைகளுக்குத் தெரிந்திருந்தது. காதைத் திருப்பின, தலையை அசைத்தன. எழுந்து வரவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை! பூனை அல்லவா?

கூப்பிட்டால் வராதே தவிர, ஆயிரம் குரலுக்கு நடுவே உங்கள் குரலை அது அடையாளம் வைத்திருக்கிறது. அதன் குரலை நாமும் அடையாளம் வைத்துக்கொள்வதுதானே நியாயம்? இன்று ராத்திரியே அந்த நோட்டை எடுத்து வையுங்கள். நாளை நாலரை மணிக்கு முதல் வரி தானாக வந்துவிடும்!