ஒன்றரைக் கோடி காரும் வழுதக்காடு ஆணையமும்

திருவனந்தபுரத்தின் கவடியார் சாலையில் போர்ஷே வருகிறதென்றால் முன்பெல்லாம் சத்தம்தான் முதலில் வரும். டைகான் அப்படியில்லை. டயர் உரசுவது மட்டும் கேட்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளயம்பலத்தைத் தொட்டிருக்கும். 911-ஆல் பேர் வாங்கிய நிறுவனம் 2019-இல் வெளியிட்ட முதல் முழு மின்சாரக் கார் இது. 2021 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலையே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. அப்போதைய டர்போ எஸ் மாடல் 2.8 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். கேரள நகரச் சாலைகளில் காருக்கு அனுமதி 50தான்!

2024-இல் இந்தக் கார்களுக்கு ரீகால் வந்தது. முன்பக்க பிரேக் ஹோஸில் விரிசல் விழலாம் என்று உலகெங்கும் திரும்ப அழைத்தார்கள். அமெரிக்காவில், பேட்டரிக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பதால், பழுது பார்க்கும்வரை 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் சொன்னார்கள். காசு கொடுத்தது நூறுக்கு, கையில் இருப்பது எண்பது. இங்கே அப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வது?

பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஆனால் கொள்ளளவு குறைவதைப் பொறுத்தவரை, 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது பேசும். ‘இது தேய்மானம் இல்லையே சார், பாதுகாப்புக்காகத்தானே’ என்று ஷோரூமில் கைவிரித்தால், நுகர்வோர் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். ரீகாலுக்கென்றே மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவு இருக்கிறது, 2021 ஏப்ரல் முதல் நடப்பில். குறையை வாஹன் தளத்தில் பதியலாம். போதிய புகார்கள் சேர்ந்தால் அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம்.

நஷ்டஈடு கேட்க எங்கே போவது என்பதை நீங்கள் கொடுத்த விலை தீர்மானிக்கும். 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அது வழுதக்காட்டில்தான் இருக்கிறது, ஆட்டோவில் போய்விடலாம். இரண்டு கோடியைத் தாண்டினால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம். ஆசைப்பட்டு ஆப்ஷன்களைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். ஒன்று முதல் 2 கோடி வரை வழக்குக் கட்டணம் 2,500 ரூபாய். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

கம்பெனி பேரில் கார் வாங்கியவர்கள் ‘வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்ற வாதத்துக்குப் பயப்படுவது வழக்கம். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய மெர்சிடிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024-இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

வழக்கு நிற்பதும் விழுவதும் சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டில். சர்வீஸுக்கு விடும்போது ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘80 சதவீதத்தில் சார்ஜ் நின்றுவிடுகிறது’ என்று நீங்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். ஓடோமீட்டரும் ரேஞ்சும் ஒரே படத்தில் விழும்படி டேஷ்போர்டைப் போனில் எடுத்துவையுங்கள். பேச்சில் முடிந்ததை அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

பதினைந்து லட்சத்துக்கு மின்சாரக் கார் வாங்கியவருக்கும் இதே வழிதான். அவர் போக வேண்டியது மாவட்ட ஆணையம். கட்டணம் 400 ரூபாய். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் பார்க்கலாம், அது இலவசம்.