மட்டாஞ்சேரி மணிக்கூண்டும் வளைந்த காலமும்

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில், 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1760-இல் எசக்கியேல் ரகாபி என்ற வணிகர் எழுப்பியது. கொச்சியில் டச்சுக்காரர்கள் கோலோச்சிய காலம்.

அந்நாளில் துல்லியமான கடிகாரம் என்றால் ஊசல் கடிகாரம்தான். ஊசலை ஆட்டுவதோ புவியீர்ப்பு. ஆம்ஸ்டர்டாமில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் கொச்சியில் இறக்கியதும் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தும். நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமி கொஞ்சம் புடைத்திருக்கிறது, சுழலும் வேகமும் அதிகம். அதனால் இழுப்பு குறைவு. 1672-இல் தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போன வானியலாளர் ழான் ரிஷே கண்டதும் இதைத்தான். பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்ற தன் கணக்குக்கு நியூட்டன் அதைச் சான்றாக எடுத்துக்கொண்டார். பரிகாரமும் எளிது: ஊசலின் நீளத்தை இம்மியளவு குறைத்தால் போதும். குற்றம் கடிகாரத்தின் மேல்தான். காலத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தச் சந்தேகத்தை ஐன்ஸ்டைன் கிளப்பினார். பொருளின் நிறை காலவெளியை வளைக்கிறது, அந்த வளைவின் போக்கில் தடையின்றிச் செல்வதே விழுதல் என்றது அவருடைய 1915-ஆம் ஆண்டுக் கோட்பாடு. ரப்பர் விரிப்பில் இரும்புக்குண்டு அமிழும் படத்தைக் காட்டிக் காட்டி, இடம் மட்டுமே வளைவதாக நம்மை நம்பவைத்துவிட்டார்கள். மரத்திலிருந்து தேங்காய் விழுவதில் பெரும்பங்கு காலத்தின் வளைவுக்குத்தான்: தரையருகே காலம் மெதுவாகவும் உயரே சற்று விரைவாகவும் ஓடுகிறது.

மணிக்கூண்டில் இரண்டு கடிகாரங்களைப் பத்து மீட்டர் மேலே ஏற்றியதாக வைத்துக்கொள்வோம். ஊசல் கடிகாரம் ஆண்டுக்குச் சுமார் 50 விநாடி பிந்தும், உயரத்தில் இழுப்பு குறைவதால். அணுக் கடிகாரமோ சுமார் 34 நானோவிநாடி முந்தும். ஒரே ஏற்றத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன! ஊசல் அளப்பது இழுப்பின் வலிமையை, அணுக் கடிகாரம் அளப்பது காலத்தையே. மட்டாஞ்சேரிக் கூண்டு எழுந்து சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1960-இல், ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றில் காமாக் கதிரை வைத்து இயற்பியலாளர்கள் பவுண்டும் ரெப்காவும் காலத்தின் இந்த வேறுபாட்டை அளந்தே காட்டினார்கள்.

அதற்காக நியூட்டன் காலாவதியாகிவிடவில்லை. வளைவு மிகச் சிறியதாகவும் வேகம் குறைவாகவும் இருக்கும்போது ஐன்ஸ்டைனின் சமன்பாடே நியூட்டனின் விதியாகச் சுருங்கிவிடுகிறது. பாலம் கட்டவும் கப்பலில் சரக்கேற்றவும் அதுவே போதும். ஆனால் யூதத் தெருவுக்கு வழி தேடி ஆட்டோக்காரர் பார்க்கும் ஜிபிஎஸ்ஸுக்குப் போதாது. 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் அதன் செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரங்கள் நாளுக்கு 38 மைக்ரோவிநாடி முந்துகின்றன. அந்த நேரத்தில் ஒளி 11 கி.மீ. கடந்துவிடும். அதனால் ஏவுவதற்கு முன்பே அவற்றைக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி திருத்தி அனுப்புகிறார்கள்.